ஆறு லட்சத்து வேகமும் இருபத்துநாலு லட்சத்துக் காரும்

பாலக்காட்டு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். வயது 33. இளநீர் லோடு ஏற்றி அனுப்பும் தொழில். மனைவி, நாலு வயது மகள், அப்பா, அம்மா என்று எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். கையில் இருப்பது 2017 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. பொள்ளாச்சியில் இருக்கும் மாமா வீட்டு முகவரியில் பதிந்த டிஎன் 41 வண்டி, ஆனால் மூன்று ஆண்டுக்கு மேலாக நிற்பது கேரளத்தில் இவர் வீட்டு வாசலில்.

அந்த போலோவுக்கு இதுவரை நாலரை லட்சம் செலவழித்திருக்கிறார். ரீமேப் (எஞ்சின் மென்பொருளை மாற்றுவது), டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்), சத்தமான எக்ஸாஸ்ட், தாழ்த்திய சஸ்பென்ஷன் எல்லாம் ஆகிவிட்டது. அடுத்து பெரிய டர்போ போட்டு 180 குதிரைத்திறனுக்குக் கொண்டுபோகலாம், இன்னும் ஆறு லட்சம் ஆகும் என்கிறாராம் மச்சான். "ஆறு லட்சத்தில் அறுபது லட்சம் வண்டியைப் பின்னால் ஓட விட்டுடலாம்" என்பது மச்சானின் வாக்கு. இதற்கு நடுவில் ஒரு புரோக்கர் 2012 மாடல் பிஎம்டபிள்யூ இசட்4 35ஐ காட்டியிருக்கிறார். இரண்டே இருக்கை, மடங்கும் கூரை, புதுச்சேரிப் பதிவு. புதிதில் அறுபது லட்சம் சொன்ன கார், இப்போது 24. "பெயர் மாற்ற வேண்டாம், அப்படியே ஓட்டலாம், வரி மிச்சம்" என்றும் சொல்லியிருக்கிறார். நம் வாசகர் ஐம்பதாயிரம் முன்பணமும் கொடுத்துவிட்டார். பணத்துக்கு வழி இப்படி: சேமிப்பு 13 லட்சம், போலோவை விற்றால் ஆறு, மனைவியின் நகையை வைத்தால் ஐந்து.

அப்பா இரண்டுமே வேண்டாம் என்கிறார். கேள்வி இதுதான்: விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார் அந்தக் காசுக்குத் தகுமா, இல்லை சின்ன வண்டியை டியூன் செய்வதுதான் புத்திசாலித்தனமா? சட்டப்படி எதில் சிக்கல் குறைவு?

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இவருக்கு என்ன தெரியும் என்று நினைப்பீர்கள். கல்லூரியில் படிக்கும்போது என் ஆர்எக்ஸ் 100 பைக்கின் சைலன்சருக்குள் சத்தத்தைக் குறைக்கும் பேஃபிளைக் கழற்றிவிட்டுப் பாலக்காட்டுச் சித்தூர் ரோட்டில் ஓட்டியவன் நான். அந்தச் சத்தம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஆசையைப் பற்றி உபதேசம் எதுவும் இல்லை. ஆனால் இருபது வருடமாக வாகன விபத்து வழக்குகளைப் பார்க்கிறேன். அங்கே மேசைக்கு வருவது சத்தம் அல்ல, ஆர்சியும் பாலிசியும். உங்கள் கடிதத்தில் குதிரைத்திறன் பதினோரு இடத்தில் வருகிறது, ஆர்சி ஒரே இடத்தில், அதுவும் "மாமா பேரில் இருக்கு, பரவாயில்லை" என்ற அளவில்தான்.

உங்கள் கேள்வியை நான் கொஞ்சம் திருப்பிப் போடுகிறேன். ஒரு லட்சத்துக்கு எத்தனை குதிரை என்று நீங்கள் கணக்குப் போடுகிறீர்கள். ஏதாவது நடந்தால் அந்தக் குதிரைகளுக்கு யார் பொறுப்பு என்பது என் கணக்கு.

போலோவும் சட்டமும்

"மாற்றம் செய்தாலும் ஆர்டிஓவில் ஒரு கட்டணம் கட்டி எழுதிக்கொண்டால் போதும் என்று கேள்விப்பட்டேன்" என்கிறீர்கள். அது பாதி உண்மை, அதுவும் உங்களுக்கு உதவாத பாதி. பெயின்ட் நிறம் மாற்றினால் ஆர்சியில் ஏற்றிக்கொள்ளலாம். முறையான சான்றுள்ள சிஎன்ஜி கிட் போடலாம். அதே மேக், அதே வகை எஞ்சின் மாற்றவும் வழி உண்டு. ஆனால் தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரக்குறிப்பிலிருந்து வண்டி வேறுபடும்படி உரிமையாளர் மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு சொல்கிறது. இதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதியாகச் சொன்னதும் ஒரு கேரள வழக்கில்தான். அதற்கு முன் உயர் நீதிமன்றம் கொஞ்சம் தளர்த்திப் படித்திருந்தது. அந்தத் தளர்வு போய்விட்டது.

தண்டனை அதே சட்டத்தின் 182ஏ(4)-ஆவது பிரிவில் இருக்கிறது: ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் வண்டியில் எக்ஸாஸ்ட் ஒன்று, டவுன்பைப் ஒன்று, சஸ்பென்ஷன் ஒன்று. டவுன்பைப் போட்டபோது புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் எடுத்துவிட்டார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது 190(2)-க்குள் தனியாக வரும்: முதல் தடவைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 வரை அபராதம் அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. புகைச் சோதனையில் பாஸ் ஆனது என்பது இதற்குப் பதில் ஆகாது. சும்மா நிற்கும் வண்டியின் புகையைத்தான் அந்தச் சோதனை பார்க்கிறது.

தமிழ்நாட்டில் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்தால் பேசிச் சமாளிக்கலாம் என்ற நினைப்பு நம் எல்லைப்புறத்தில் உண்டு. அது அங்கேயும் சரியில்லை, அது இருக்கட்டும். கேரளத்து எம்விடி (மோட்டார் வாகனத் துறை) இந்த விஷயத்தில் நாட்டிலேயே கறாரான துறைகளில் ஒன்று. 2021-இல் கண்ணூரில் உருமாற்றிய வேன் ஒன்றைப் பிடித்தபோது நடந்த ரகளையை எல்லோரும் செல்போனில் பார்த்தோம். எல்லையில் கோவிந்தாபுரம் தாண்டியதும் சட்டம் மாறிவிடாது, சட்டத்தைப் பார்க்கும் கண் மாறும்.

இன்ஷூரன்ஸில் நீங்கள் நினைப்பதும் நடப்பதும்

அபராதம் சின்ன விஷயம். என்னை உட்கார வைத்தது உங்கள் கடிதத்தின் இந்த வரி: "ஃபுல் கவர் இருக்கு சார், அதனால் அந்தப் பக்கம் கவலை இல்லை."

ஃபுல் கவர் என்பது இரண்டு ஒப்பந்தங்களை ஒன்றாகத் தைத்தது. ஒன்று தேர்டு பார்ட்டி: உங்கள் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் உயிர், உடல், சொத்து இழப்புக்கு. மற்றது ஓடி என்று நாங்கள் சொல்லும் சொந்த வண்டிச் சேதம்.

ஓடி முழுக்க நீங்களும் கம்பெனியும் செய்துகொண்ட ஒப்பந்தம். 105 குதிரைத்திறன், கம்பெனி சஸ்பென்ஷன், கம்பெனி எக்ஸாஸ்ட் உள்ள ஒரு போலோவுக்குத்தான் அவர்கள் பிரீமியம் வாங்கினார்கள். சாலையில் ஓடுவது வேறு வண்டி.

சில வருடம் முன்பு என்னிடம் வந்த ஒரு பையனின் கோப்பு இன்னும் நினைவிருக்கிறது. உங்களைப் போலவே டியூன் செய்த ஹாட்ச்பேக். ராத்திரி மழையில் புளியமரத்தில் மோதியிருந்தான். நல்லவேளை, பெரிய காயம் இல்லை. இன்ஷூரன்ஸ் சர்வேயர் எடுத்த படங்களைப் பார்த்தேன். உடைந்த முன்பக்கத்தை இரண்டே படம்தான் எடுத்திருந்தார். மீதிப் பதினைந்தும் வண்டிக்கு அடியில் படுத்து எடுத்தவை: ஸ்பிரிங்கில் அச்சடித்திருந்த வெளிநாட்டு எழுத்து, எக்ஸாஸ்ட் வெல்டிங், கன்வெர்ட்டர் இருக்க வேண்டிய இடத்தில் பளபளக்கும் வெறும் குழாய். அறிவிக்காத மாற்றம் என்று ஒரே வரியில் கிளெய்ம் மறுக்கப்பட்டது. "ஈரச்சாலையில் டயர் வழுக்கியதற்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் என்ன சம்பந்தம்" என்று வாதாடினோம். அது நியாயமான வாதம்தான். மாற்றத்துக்கும் விபத்துக்கும் தொடர்பில்லாதபோது முழுவதும் மறுக்காமல் ஒரு பங்கைக் கொடுக்கச் சொல்லும் தீர்ப்புகள் உண்டு. நிபந்தனை மீறிய சில கிளெய்ம்களில் 75 சதவீதம் வரை வாங்கித் தந்திருக்கிறார்கள். அவனுக்கும் கடைசியில் கொஞ்சம் கிடைத்தது. ஆனால் அதற்குள் அந்த வண்டியின் சீட்டுக்கு அடியில் எலி குடும்பம் நடத்தியிருந்தது.

ரீமேப் கண்ணுக்குத் தெரியாதே என்கிறீர்கள். கண்ணுக்குத் தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும். எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மென்பொருள் மாறியிருந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரின் கருவியில் அது பதிவாகும் வாய்ப்பு நிறைய. உங்கள் கார் குழுமத்தில் அதற்கென்றே டிடி1 என்ற குறியீடு இருக்கிறது.

தேர்டு பார்ட்டியில் நிலைமை வேறு, இதில் உங்கள் மச்சான் சொன்னது பெரும்பாலும் சரி. அடிபட்டவரைச் சட்டம் கைவிடாது, கம்பெனி தப்பிக்கும் வழிகளும் குறைவு. ஆனால் அந்தக் குறைந்த வழிகளில் இரண்டு உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. முக்கியமான ஒரு விஷயத்தை மறைத்துப் பாலிசி எடுத்தது ஒன்று. ஏற்பாடு செய்த பந்தயம் அல்லது வேகச் சோதனையில் வண்டியைப் பயன்படுத்தியது இன்னொன்று. இப்படிப்பட்ட தகராறு வரும்போது தீர்ப்பாயங்கள் பல வழக்குகளில் ஒரு வழியைப் பிடிக்கும்: கம்பெனி முதலில் அடிபட்டவர் குடும்பத்துக்குக் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். உரிமையாளர் யார்? ஆர்சியில் பெயர் உள்ளவர். உங்கள் விஷயத்தில் அது மாமா. ஓட்டியவர் என்ற முறையில் நீங்களும் கூட நிற்பீர்கள். மாமாவிடம் இதைச் சொல்லியிருக்கிறீர்களா?

டிஎன் 41 விவகாரம்

"வாரா வாரம் பொள்ளாச்சி போய் வருகிறேன், அதனால் பன்னிரண்டு மாதக் கணக்கு முறிந்துவிடும்" என்ற நம்பிக்கை வேலந்தாவளம் முதல் மீனாட்சிபுரம் வரை பரவலாக இருக்கிறது. 47-ஆவது பிரிவு, வண்டி வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைக்கப்பட்டிருந்தால் புதுப் பதிவெண் வாங்க வேண்டும் என்கிறது. சந்தைக்குப் போய் வந்தால் வண்டியின் இருப்பிடம் மாறிவிடாது. ராத்திரி எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி, அது ஊருக்கே தெரியும்.

ஆனால் எல்லையோரத்தில் இருப்பவர்களின் சங்கடம் பொய்யல்ல. தோப்பு இந்தப் பக்கம், மண்டி அந்தப் பக்கம் என்று நிறையப் பேர் இருக்கிறார்கள். வசிக்கும் இடத்தை மட்டுமல்லாமல், வண்டி வழக்கமாக நிற்கும் தொழில் இடத்தையும் வைத்துப் பதிய 40-ஆவது பிரிவு இடம் தருகிறது. பொள்ளாச்சியில் உங்கள் பெயரில் கிடங்கோ கடையோ வாடகை ஒப்பந்தத்தோடு இருந்து, வண்டி அங்கே நின்றால் அது நேர்மையான வழி. மாமா வீட்டு ரேஷன் கார்டு அந்த வழி அல்ல. என் யோசனை: என்ஓசி என்ற தடையின்மைச் சான்று வாங்கி, கேரளத்தில் வரி கட்டி, உங்கள் பெயரில் சித்தூர்ப் பதிவான கேஎல் 70 ஆக்கிவிடுங்கள். தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம். நடை அதிகம், ஆனால் கேட்கலாம்.

அந்த 24 லட்சம் ரூபாய் கார்

இப்போது இசட்4. கார் நல்ல கார். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, 306 குதிரைத்திறன். அதன் பிரேக், கூலிங், கியர்பாக்ஸ், அச்சு எல்லாமே அந்த 306-க்காகச் சேர்த்து வரைந்தவை. விலை உயர்ந்த காருக்குக் கொடுக்கும் காசு உண்மையில் போவது இங்கேதான். எஞ்சின் சக்தி சுலபமாகக் கூடும், மென்பொருளிலேயே கூடிவிடும். அந்தச் சக்தியை நிறுத்துவதும் குளிர வைப்பதும் வளைவில் பிடித்து வைப்பதும்தான் செலவு.

உங்கள் போலோவின் பின்சக்கரத்தில் டிரம் பிரேக். வேகம் 100-இலிருந்து 140 ஆனால் வண்டி சுமக்கும் ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதை முழுவதும் பிரேக்தான் சூடாக மாற்றியாக வேண்டும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. அதில் இறங்கும்போது பெடல் பஞ்சு போல ஆனது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதையும் பெருமைக் கதைக்கு நடுவில். பிரேக் திரவம் கொதித்தால் அப்படித்தான் இருக்கும். நான் மெக்கானிக் அல்ல, ஆனால் அந்த வரியை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் படித்துக் காட்டினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இன்னொன்று: உங்கள் ஏழு வேக டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் உலர் கிளட்ச் கொண்டது, அது தாங்க வடிவமைத்த முறுக்குவிசை 250 நியூட்டன் மீட்டர். கம்பெனி எஞ்சின் தருவது 175. பெரிய டர்போ போட்டால் 250-ஐச் சுலபமாகத் தாண்டும். அந்த ஆறு லட்சத்துக்குள் கிளட்ச் வருகிறதா என்று மச்சானிடம் கேளுங்கள்.

ஆகவே வண்டி என்ற வகையில் மச்சான் சொல்வது தவறு. நேர்கோட்டில் நாலு விநாடி ஓடி ஜெயிப்பது வேறு, அந்தக் காராக ஆவது வேறு. விலை உயர்ந்த கார் அந்த அர்த்தத்தில் தகும். ஆனால் இந்தக் கார், இந்த ஆவணங்களோடு, தகாது. ஏன் என்று சொல்கிறேன்.

புதுச்சேரிப் பதிவு. இங்கே கேரளத்தில் விலை உயர்ந்த காருக்கு ஆயுள் வரி 20 சதவீதத்தைத் தாண்டும், தமிழ்நாட்டிலும் 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். புதுச்சேரியில் அப்போது சொற்பம். அதனால் அங்கே வாடகை முகவரியில் பதிந்து இங்கே ஓட்டுவது ஒரு காலத்தில் வாடிக்கையாகவே இருந்தது. 2017-இல் பிரபலமானவர்கள் மீதே கேரளத்தில் வழக்குகள் வந்தபோது முதலில் தேடியது அந்த முகவரிகளைத்தான். 2025 செப்டம்பரில் சுங்கத் துறை பூட்டான் வழியாகக் கடத்தி வந்ததாகச் சந்தேகித்த கார்களைத் தேடிக் கேரளம் முழுக்க இறங்கியதும் உங்களுக்குத் தெரியும். உங்கள் கார் அந்த வகை என்று நான் சொல்லவில்லை. வெளி மாநிலப் பதிவுள்ள சொகுசுக் கார் என்றாலே இங்கே இரண்டாவது முறை பார்ப்பார்கள் என்கிறேன்.

"பெயர் மாற்ற வேண்டாம்." புரோக்கர் சொன்னதில் மிகவும் ஆபத்தானது இதுதான். பெயர் மாற்றாவிட்டால் விபத்துக்குப் பொறுப்பு பழைய உரிமையாளர் தலையில் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது, அதனால் உங்களுக்கு லாபம் என்று தோன்றலாம். மறுபக்கம் பாருங்கள். விற்பனையோடு தேர்டு பார்ட்டி பாதுகாப்பு தானாக உங்களுக்கு வரும், ஓடி வராது. பாலிசி உங்கள் பெயருக்கு மாறாத நிலையில் கார் எரிந்து போனாலும் திருடு போனாலும் 24 லட்சமும் போனதுதான். அதோடு, ஆர்சியில் இருப்பவர் நாளை என் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று புகார் கொடுத்தால், உங்கள் கையில் இருப்பது ஒரு வாட்ஸ்அப் உரையாடல்.

வயது. 2012 மாடல் என்றால் பதிவின் 15 ஆண்டு 2027-இல் முடிகிறது. அதற்குப் பிறகு தகுதிச் சோதனை, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு. இறக்குமதிக் காருக்கு அந்தக் கட்டணமே சாதாரணக் காரைப் போலப் பல மடங்கு. கேரள வரியோ, நீங்கள் கொடுக்கும் 24 லட்சத்தை வைத்துக் கணக்கிடமாட்டார்கள். வண்டி புதிதாக இருந்தபோது போட்ட விலையைப் பார்த்து, வயதுக்கு ஏற்பக் குறைத்துக் கணக்கிடுவார்கள். அந்தத் தொகையை முன்கூட்டியே சித்தூர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்துவிட்டீர்கள், சரி, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அப்புறம் வாங்கிய பிறகு வரும் செலவு. இப்படிப்பட்ட கார் புதிதில் அறுபது லட்சம் என்றால், வயதாகி விலை இறங்கினாலும் அதன் உதிரிப் பாகம் அறுபது லட்சத்துக் காருடைய உதிரிப் பாகம்தான். என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு ஜெர்மன் இரண்டு இருக்கைக் கார் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. கூரை பாதி மடங்கி நின்றுவிட்டது, பாகம் வர வேண்டுமாம். முதல் மழைக்கு வைத்த பிளாஸ்டிக் வாளி இன்னும் சீட்டில் இருக்கிறது. அந்த மாதிரிக் காரை வாங்குபவர் விலையில் கால் பங்கையாவது தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டும். உங்களிடம் அது இல்லை. இருக்கும் 24-உம் முழுக்க உங்களுடையது அல்ல.

நகை

இந்தப் பத்தி சின்னது, ஆனால் நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். மனைவியின் நகை மனைவியின் சொத்து. அது குடும்பப் பொதுச் சொத்து ஆகாது, கணவனுக்கு அதில் உரிமை இல்லை, எடுத்தால் திருப்பித் தரும் கடமை உண்டு. 2024-இல் உச்ச நீதிமன்றம் இதை மறுபடி சொன்னதும் ஒரு கேரளத் தம்பதியின் வழக்கில். "அவளிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் புரிந்துகொள்வாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். மகள் உட்கார இடமில்லாத காருக்கு. முதலில் கேளுங்கள், பதில் எதுவானாலும் அது அவர் முடிவு.

நான் உங்கள் இடத்தில் இருந்தால்

போலோவை விற்கமாட்டேன். டியூன் செய்த வண்டிக்குச் சந்தையில் யாரும் டியூனிங் காசைத் தருவதில்லை, பாதிப் பேர் பயந்து விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள். எடுத்து வைத்த கம்பெனி எக்ஸாஸ்ட்டும் ஸ்பிரிங்கும் வீட்டுப் பரணில் இருக்கிறது என்கிறீர்கள், அது பெரிய அதிர்ஷ்டம். கன்வெர்ட்டரோடு சேர்த்துத் திரும்பப் பொருத்துங்கள், மென்பொருளையும் பழையபடி ஏற்றச் சொல்லுங்கள், பில் வாங்கி வையுங்கள். கம்பெனி அளவிலேயே நல்ல டயர், நல்ல பிரேக் பேட், புதுப் பிரேக் திரவம், சரியான அலைன்மென்ட். இதற்கெல்லாம் ஆறு லட்சத்தில் பத்தில் ஒரு பங்கு போதும், சட்டமும் குறுக்கே வராது. வால்பாறை இறக்கத்தில் வித்தியாசம் காலுக்கே தெரியும்.

வேகம் வேண்டும் என்றால் அதற்கு இடம் உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநர் நரேன் கார்த்திகேயனைத் தந்த கோவையில், செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயில். பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார, ஒருநாள் முழுக்க ஓட்டிப் பாருங்கள். உங்கள் வண்டிக்கு எது போதவில்லை, உங்களுக்கு எது போதவில்லை என்று அங்கே தெரியும். முடிந்தவரை அவர்களுடைய காரிலேயே ஓட்டுங்கள், உங்கள் பாலிசி டிராக்குக்குள் செல்லாது. தேசிய நெடுஞ்சாலையில் நாலு வழிப் பாதைக்குக் கேரளம் வைத்த உச்ச வேகமே மணிக்கு 100 கிலோமீட்டர்தான். 105 குதிரையோ 306 குதிரையோ, அந்தப் பாதையில் இரண்டும் அதே நூறில்தான் போக வேண்டும். சாலையில் பந்தயம் போட்டால் 189-ஆவது பிரிவு: முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 அபராதம் அல்லது இரண்டும்.

டிராக்குக்கு மட்டும் ஒரு வண்டி வேண்டும் என்று பிறகு தோன்றினால், அப்போது மச்சான் சொல்லும் வழிக்கு அர்த்தம் உண்டு. பழைய சின்ன வண்டி, சாலையில் இறங்காமல் லாரியில் ஏற்றிப் போவது. அங்கே டியூனிங் தாராளமாகச் செய்யலாம், மலிவும் அதுதான்.

மூன்று, நாலு வருடம் கழித்து நிஜமான ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டும் என்றால் தடுக்கமாட்டேன். கேரளத்திலோ தமிழ்நாட்டிலோ முதலிலிருந்தே நேர்மையாகப் பதிந்தது, முழு சர்வீஸ் வரலாறு உள்ளது, கம்பெனி சர்வீஸ் சென்டரில் தூக்கிப் பார்த்தது, ஆர்சியில் பெயர் உள்ளவர் நேரில் வந்து கையெழுத்துப் போடுவது. பழைய வண்டி விற்கும் டீலருக்கு 2023 ஏப்ரல் முதல் அங்கீகாரச் சான்று கட்டாயம், அதைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வருடச் செலவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, நகையைத் தொடாமல் வாங்க முடிந்தால், வாங்குங்கள். அப்பாவிடம் நான் சொன்னேன் என்று சொல்லலாம்.

முன்பணம் ஐம்பதாயிரம்

போன் பண்ணிக் கேட்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள், இன்றே. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பேசும்போது "வேறு யாருக்காவது கொடுத்துவிடுவேன்" என்பார், கொடுக்கட்டும். முன்பணத்துக்கு ரசீது எழுதவில்லை, கூகுள் பேயில் போட்டீர்கள் என்பது உங்களுக்குச் சாதகம். அதில் "கார் அட்வான்ஸ்" என்று குறிப்பு இருக்கிறது என்கிறீர்கள், நல்லது. வாகனம் வாங்குவதில் மனம் மாறிவிட்டது என்று எழுதாதீர்கள், அப்படி எழுதினால் பணத்தைப் பிடித்து வைக்க அவருக்கு ஒரு காரணம் கிடைக்கும். இப்படி எழுதுங்கள்:

"நீங்கள் காட்டிய காருக்கு நான் ஐம்பதாயிரம் முன்பணம் அனுப்பியிருக்கிறேன். வாகனத்தை என் பெயருக்குக் கேரளத்தில் மறுபதிவு செய்யத் தேவையான என்ஓசி, உரிமை மாற்றத்துக்கான கையெழுத்திட்ட ஃபார்ம் 29, 30, கடன் நிலுவை இல்லை என்ற சான்று, நடப்புப் பாலிசி, பதிவு முகவரிக்கான ஆதாரம் ஆகியவற்றின் நகலை ஏழு நாட்களுக்குள் அனுப்பவும். பெயர் மாற்றாமல் ஓட்டலாம் என்று நீங்கள் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஆவணங்கள் கிடைக்காவிட்டால் முன்பணத்தை இதே எண்ணுக்குத் திருப்பி அனுப்பவும்."

ஏழு நாளில் பதில் வராவிட்டால் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், நோட்டீஸ் அனுப்பலாம். வரும்போது போலோவில் வந்தால் எக்ஸாஸ்ட்டை மாற்றிவிட்டு வாருங்கள். எங்கள் கோர்ட்டு வாசலில்தான் எம்விடி ஜீப் நிற்கும்.

அன்புடன்,
உங்கள் வழக்கறிஞர்